பன்னிரண்டு சொல்தாக்களும் கொம்பு வர்ணமும்

1967ஆம் ஆண்டு ஜனவரி 16, திங்கட்கிழமை, காணும் பொங்கல். பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. கடலிலிருந்து ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. மணியை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், காரைக்காலில் என் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் இருந்த சுவர்க் கடிகாரம். அது ஏழு நிமிடம் முந்தி ஓடும். மூன்று பதினேழு காட்டியது, ஏழைக் கழித்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவும் அம்மாவும் காலையில் நெரவியிலிருந்து என்னைக் கூட்டிவந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். நான் மட்டும் ஒரு வாரம் தங்குவதாக ஏற்பாடு. என் சாக்குப்பையில் மூன்று டப்பா எனாமல் பெயிண்ட் இருந்தது: சிவப்பு, நீலம், மஞ்சள். முந்தின நாள் மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் வீட்டு நான்கு மாடுகளின் கொம்புகளுக்கு அடித்தது போக மிச்சம். நான்கு மாடு என்றால் எட்டுக் கொம்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்று ஒற்றைக் கொம்பன், ஆக ஏழு. மிச்ச பெயிண்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் எடுத்து வரச் சொன்னவர் பெரியப்பா.

பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்தவர். அப்படி இருந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அவர் வீட்டுக்கே 'சொல்தா வீடு' என்று பெயர். எந்த நாட்டுக்காரர் என்று சர்க்கார் கேட்டபோது அவர் பிரெஞ்சுக்காரர் என்று கையெழுத்துப் போட்டார், அப்பா போடவில்லை. இப்படி ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இரண்டு தேசத்தார் ஆனதில் குடும்பத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் ஏற்படவில்லை. தீபாவளிக்கு எல்லோருக்கும் துணி எடுப்பது மட்டும் பிரான்சின் பொறுப்பு என்று ஆயிற்று.

பட்டாளத்திலிருந்து திரும்பும்போது மார்செய் துறைமுகத்துக் கடையில் அவர் ஓர் அட்டைப்பெட்டி வாங்கி வந்திருந்தார். உள்ளே பன்னிரண்டு ஈயச் சொல்தாக்கள். ஒவ்வொருவரும் என் சுண்டுவிரல் உயரம். பதினோரு பேர் கையில் துப்பாக்கி, ஒருவர் கையில் முரசு. நீலக் கோட்டு, சிவப்புக் கால்சட்டை. மகளுக்காக வாங்கியது, அக்கா அவற்றை ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி அலமாரியில் நின்றபடியே கடற்காற்றில் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. முகங்களில் ஈயம்தான் மிச்சம்.

அந்த அக்கா பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள விழிதியூர் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. வருகிற வியாழக்கிழமை நான்கு வயது மகனோடு முதல் தடவையாக வருகிறாள். இங்கே நான்கு நாள், பிறகு விழிதியூரில் மாமியார் வீடு. பையனுக்குத் தமிழ் தெரியாது, புது ஆட்களைக் கண்டால் அலறுவான், தொட விடமாட்டான் என்று கடிதத்தில் எழுதியிருந்தாள். பெரியப்பா அந்தக் கடிதத்தை என் கண்முன் மூன்று முறை படித்தார். பதினேழு வருடத்தில் அவர் கற்ற பிரெஞ்சு முழுவதும் மைதானத்துப் பிரெஞ்சு. நிமிர்ந்து நில், நட, திரும்பு, சுடு. அதைக் கொண்டு ஒரு குழந்தையை எப்படி மடியில் உட்கார வைப்பது?

“பேரன்கிட்ட கார்தவூன்னு கத்தப்போறீங்களாக்கும்” என்றாள் பெரியம்மா. கார்தவூ என்றால் விறைத்து நில் என்று அர்த்தம்.

“நான் ஏன் பேசணும்? இவனுங்க பேசுவானுங்க” என்று பெரியப்பா அலமாரியைக் காட்டினார். நான்கு நாளில் பேரன் தன்னிடம் ஒரு தடவையாவது வர வேண்டும் என்பதற்கு அவர் நம்பியிருந்தது அந்தப் பன்னிரண்டு பேரைத்தான்.

இன்று என் பேத்தி செல்போனில் காட்டுகிறாள், இந்த மாதிரி பொம்மைகளுக்கென்றே தனி பெயிண்ட் இருக்கிறதாம், முகத்துக்கு மட்டும் ஒன்பது சாயல். எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான். பழைய பொம்மையைத் தொடவே கூடாது, தொட்டால் சேகரிப்பவர்கள் பாதி விலைக்குக்கூட வாங்கமாட்டார்கள் என்றும் அதில் போட்டிருக்கிறது. எங்களுக்கு அன்று இதெல்லாம் தெரியாது. பண்டிகை நாள், கடைகள் மூடியிருந்தன. எங்களிடம் இருந்தது மூன்று டப்பா கொம்பு வர்ணம், இரும்பு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய அரை டப்பா வெள்ளை, பெரியப்பாவின் பூட்ஸ் பாலிஷ்.

கால்சட்டைக்குச் சிவப்பைப் பார்த்ததுமே ஒப்புக்கொண்டார். நீலத்தில்தான் தகராறு. டப்பாவைத் திறந்து குச்சியால் தொட்டுச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது மாட்டு நீலம்டா. சொல்தா நீலம் வேற.”

“கொஞ்சம் பாலிஷ் கலக்கலாமா பெரியப்பா?”

கலந்தோம். முதலில் அதிகம், பிறகு குறைவு, ஐந்தாவது தடவை சரியாக வந்தது. பன்னிரண்டு கோட்டுகளையும் இருபத்து நான்கு கால்களையும் நானே பூசினேன். என் கை நடுங்காது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் என்னை வரவழைத்திருந்தார். அவர் கை நடுங்கும்.

முகம் மட்டும் மீதி இருந்தபோது, வியாழக்கிழமை அக்காவைக் கூட்டிவர மாயவரம் ஸ்டேஷனுக்கு வாடகைக் கார் பேச அவர் கிளம்பினார்.

“மூஞ்சிக்கும் நீயே கலந்து தொட்டுடு. சொல்தா மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியும்ல?”

“தெரியும் பெரியப்பா.”

எனக்கு நன்றாகவே தெரியும். பென்ஷன் நாளில் அவரோடு இரண்டு தடவை போயிருக்கிறேன். வரிசையில் நின்ற சொல்தாக்கள் பதினான்கு பேர். நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே வெள்ளைக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள். ஈய முகங்களில் அங்கங்கே ரோஸ் நிறத் துணுக்குகள் ஒட்டியிருந்தது உண்மைதான். எங்கள் வீட்டுக் கதவுக்கும் தச்சர் முதலில் ரோஸ் நிறத்தில்தான் அடிப்பூச்சு அடித்தார். இதுவும் அடிப்பூச்சு என்று முடிவு செய்தேன்.

சிவப்பில் மஞ்சளைச் சேர்த்து, பாலிஷை விட்டுக் குழைத்தேன். வரிசையில் நின்றவர்களில் மிகக் கறுப்பானவரையும் மிகச் சிவப்பானவரையும் நினைவுக்குக் கொண்டுவந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தை எடுத்தேன். பெயிண்ட் கெட்டியாக இருந்ததால் பெரியம்மாவின் தேங்காய் எண்ணெயில் எட்டுச் சொட்டு விட்டேன். எல்லோருக்கும் மீசை வைத்தேன். பிறகு நெற்றி. பதினான்கு பேரில் எட்டுப் பேர் விபூதி, ஒருவர் நாமம், ஐந்து பேர் கிறிஸ்தவர்கள், வெறும் நெற்றி. அந்த வருடம்தான் பள்ளியில் விகிதம் நடத்தியிருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு என்று கணக்குப் போட்டேன்: ஏழு விபூதி, ஒரு நாமம், நான்கு வெறும் நெற்றி. ஈர்க்குச்சியைச் சீவி, கேட் வெள்ளையில் தொட்டு, ஏழு பேருக்கும் மும்மூன்று கோடு இழுத்தேன். இருபத்தொரு கோட்டில் ஒன்றுகூடக் கோணவில்லை. முரசுக்காரருக்கும் விபூதியே அமைந்தது.

பெரியப்பா ஐந்தரைக்கு வந்தார். பலகையில் வரிசையாக நின்றவர்களைக் குனிந்து பார்த்தார்.

“என்னடா இது?”

“மூஞ்சி பெரியப்பா.”

“யாரு மூஞ்சிடா?”

“சொல்தா மூஞ்சி.”

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தவுடன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “ஏங்க, இந்த ரெண்டாவது ஆளு மேலத்தெரு சொல்தா மாதிரியே இல்ல? அதே முறைப்பு. பென்ஷனைக் குடுத்து அனுப்புங்க, பாவம், ரொம்ப நேரமா நிக்கிறாரு.”

“நீ சும்மா இரு. டேய், இது பிரெஞ்சு சொல்தாடா!”

“நீங்களும் பிரெஞ்சு சொல்தாதானே பெரியப்பா?”

அவர் இன்னும் குனிந்து முரசுக்காரரின் நெற்றியைப் பார்த்தார். பிறகு வேறு பக்கத்திலிருந்து வந்தார். “பிரெஞ்சு சொல்தாவுக்கு விபூதி எதுக்குடா?”

“எல்லாருக்கும் வைக்கல பெரியப்பா. ஏழு பேருக்குத்தான்.”

பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள். பெரியப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, இதைப் பார்த்தால் என்ன நினைக்கும், தாத்தா பொம்மையைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்றுதானே நினைக்கும் என்று இரவு சாப்பிடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் தீர்ப்பு வந்தது. எல்லா முகத்தையும் சுரண்ட வேண்டும், ரோஸ் நிறம் பூச வேண்டும், அதற்கான சாமான்களை என் பொங்கல் காசில் நான்தான் வாங்க வேண்டும். ஏழு பெரியவர்கள் காலில் விழுந்து சேர்த்த காசு.

வாங்கி வந்தேன். ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், ஒரு பிளேடு, இரண்டு பிரஷ், ஒரு சின்ன டப்பா நல்ல வெள்ளை. முதல் ஆளைப் படுக்கவைத்து மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டினோம். என் பூச்சோடு மூக்கும் கண்ணும் போய் வழவழவென்று சாம்பல் நிற ஈயம் வந்துவிட்டது. அதன்மேல் வெள்ளையில் சிவப்பைக் கலந்து பூசினோம். நான்கு தடவை கலந்தும் ஒவ்வொரு தடவையும் பஞ்சுமிட்டாய் நிறம்தான் வந்தது. பெரியம்மா எட்டிப் பார்த்து, “எறா வேகவச்ச மாதிரி இருக்கு” என்றாள். பெரியப்பா பிளேடைக் கீழே வைத்தார். மீதிப் பதினோரு பேரைச் சுரண்ட அவருக்கு மனம் வரவில்லை. என் பூச்சும் காயவில்லை. எண்ணெய் விட்ட பெயிண்ட், மேலே அந்த ஈரக்காற்று. புதன்கிழமை ராத்திரி பலகையோடு எல்லோரையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். “அவன் கண்ணுல படக்கூடாது” என்றார். என்னை அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஒரு அடி, இரண்டு அடி என்று கணக்கு முடிந்திருக்கும். பேசாமல் இருந்தார், அதை எப்படிக் கணக்கு வைப்பது?

வியாழக்கிழமை பதினொன்று நாற்பதுக்குக் கார் வந்தது. அக்கா இறங்கினாள். அவள் புடவைக்குப் பின்னால் கால்சட்டையும் காலுறையுமாக ஒரு பையன். எங்கள் எல்லோரையும் போல மாநிறம்தான். நான் கொஞ்சம் ஏமாந்தேன். பிரான்சு என்றால் ஏதாவது வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

பெரியப்பா குளித்து, விபூதி பூசி, சலவைச் சட்டை போட்டு வாசலில் நின்றிருந்தார். ஏதோ சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தது தெரிந்தது. பையன் நிமிர்ந்து பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், தொண்டையிலிருந்து அந்தப் பழைய குரல் கிளம்பியது.

“கார்தவூ!”

பையன் போட்ட அலறலில் கார்க்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் ஓடி, கண்ணில் பட்ட முதல் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். அக்கா கெஞ்சினாள், பெரியம்மா அதிரசத்தைக் காட்டிக் கூப்பிட்டாள். வரவில்லை. “விடும்மா, தானா வருவான். அவரு போட்ட சத்தத்துல எனக்கே தூக்கிவாரிப் போட்டுது” என்று பெரியம்மா அக்காவைச் சாப்பிடக் கூட்டிப் போனாள். பெரியப்பா சாப்பிடவில்லை. கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, இரண்டு முழங்காலிலும் கை வைத்து, தண்டனை பெற்றவர் போல உட்கார்ந்துவிட்டார். சொல்தாக்கள் அதே கட்டிலுக்கு அடியில் இருப்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

ஒரு மணி இருபது நிமிடம் அப்படியே போனது. முதலில் ஈயம் தரையில் இடிபடும் சத்தம் கேட்டது. பிறகு பையன் முழங்காலால் தவழ்ந்து வெளியே வந்தான். கையில் முரசுக்காரர். மற்றவர்களை ஒவ்வொருவராக இழுத்து வெளியே நிறுத்தினான். பஞ்சுமிட்டாய் முகத்தை ஒரு பார்வை பார்த்துத் திரும்ப உள்ளேயே வைத்தான். முரசுக்காரரின் நெற்றியை விரலால் தேய்த்தான். என் மூன்று கோடும் அவன் விரலில் வந்துவிட்டது. விரலைப் பார்த்தான். நிமிர்ந்து பெரியப்பாவின் நெற்றியைப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து, அவர் தொடையில் ஒரு கையை ஊன்றி எம்பி, அந்த விரலை அவர் நெற்றியில் வைத்து இழுத்தான். ஏதோ கேட்டான்.

“என்னப்பா கேக்குறான்?” என்று சமையலறைப் பக்கமிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

“இது நீயான்னு கேக்குறான்மா” என்றார் பெரியப்பா, தலையை அசைக்காமல். பிறகு பையனிடம், மிக மெதுவாக, “வுய்” என்றார். ஆமாம் என்று அர்த்தம். கட்டளை அல்லாத ஒரு பிரெஞ்சுச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பையன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

எனக்கோ ஒரே பதைப்பு. பெரியப்பாவின் நெற்றியில் விபூதிக்கு மேலே கேட் பெயிண்ட் கோணலாக இழுத்திருந்தது. எண்ணெய் கலந்த பழுப்பும் ஒட்டியிருந்தது. தோலில் பட்ட எனாமல் காய்ந்தால் லேசில் போகாது. மண்ணெண்ணெய்ப் பாட்டிலையும் துணியையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து, “துடைச்சிடட்டுமா பெரியப்பா?” என்றேன். வேண்டாம் என்று விரலை மட்டும் அசைத்தார். கால் மணி கழித்துக் கேட்டேன். பிறகும் கேட்டேன். நான்காவது தடவை அவர் கண்ணில் நீர் நின்றதைப் பார்த்து, பெயிண்ட் எரிகிறது, பேரனுக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்று நினைத்து, துணியை நனைத்தே கொண்டுபோனேன். “டேய் கணக்குப்பிள்ளை, அந்தப் பாட்டிலைக் கீழ வையிடா” என்று பெரியம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலைவரை அவர் அந்த நெற்றியோடுதான் இருந்தார். பார்க்க வந்தவர்கள் என்ன என்று கேட்டபோதும் துடைக்கவில்லை. சுத்தத்துக்குப் பேர்போன மனிதர் ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. முக்கால் பாட்டில் மண்ணெண்ணெய் வீணாய்ப் போனது மட்டும்தான் விளங்கியது. முழுப் பாட்டில் முப்பத்தெட்டு பைசா, வெள்ளை டப்பா ஒரு ரூபாய் இருபத்தைந்து, பிரஷ் இரண்டும் எண்பது, பிளேடு பன்னிரண்டு. ஆக எனக்கு ஆன செலவு இரண்டு ரூபாய் ஐம்பத்தைந்து பைசா.