பேசத் தெரியாத கோல்கீப்பரும் பேஸ்பால் ஏஜென்ட்டுகளும்

இந்த ஊரில் யாரும் யாரிடமும் சம்பளம் கேட்பதில்லை. ஒஹையோவுக்கு வந்த புதிதில் அது தெரியாமல், அடுத்த மேசையில் இயந்திர வரைபடங்களைச் சரிபார்க்கும் டேவ் என்பவரிடம், "உங்களுக்கு மாதம் எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் காது வரைக்கும் சிவந்துபோனார். கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் ஏறி உட்கார்ந்தால், பங்காருப்பேட்டை வருவதற்குள் எதிரில் இருப்பவர் தன் சம்பளம், பிடித்தம், போனஸ் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "உனுக்கு இன்னா வருது?" என்று நம்மையும் கேட்டிருப்பார். இங்கே அது குளியலறைக் கதவைத் தட்டாமல் திறப்பதற்குச் சமம். ஆனால் அதே டேவ், மதியம் சாப்பாட்டு அறையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, தான் ஒருமுறைகூட நேரில் பேசியிராத ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் பல வருடச் சம்பளத்தைக் கடைசி சைபர் வரைக்கும் உரக்கப் படிப்பார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். தன் சம்பளம் ரகசியம். ஊரான் சம்பளம் ஊர்ப் பேச்சு. மூன்று குளிர்காலம் ஆகியும் இது எனக்குப் பழகவில்லை.

போன குளிர்காலத்தில் இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போனது. ஓர் இளம் ஆட்டக்காரர் அணி மாறினார். அதற்குக் கிடைத்த தொகையைச் சொல்ல டேவுக்கு மூச்சு போதவில்லை. "எல்லாம் இந்த ஏஜென்ட்டுகள் செய்த வேலை" என்றார். ஆட்டக்காரர்களுக்காக முதலாளியிடம் சம்பளம் பேசி, அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இங்கே அதுதான் பெயர். "இவர்கள் வருவதற்கு முன்னால் பையன்கள் ஆட்டத்தின் மேலிருந்த ஆசைக்காக ஆடினார்கள்." எல்லோரும் ஆமென் சொல்வதுபோலத் தலையாட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நானும் ஏஜென்ட்டாக இருந்தவள்தான்" என்று சொல்லிவைத்தேன். டேவின் முகம் மலர்ந்தது. "அப்படியா? இந்தியாவுக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்குமா?" நான் விளக்குவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க, தாஜ்மகால் பார்க்க எந்த மாதம் போகலாம் என்று கேட்டு மூன்று பேர் என் மேசைக்கு வந்தார்கள்.

நான் பேசியது என் அண்ணன் சேவியருக்காக. அண்ணன் கோல்கீப்பர். எங்கள் வீடு கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில். அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். தொண்ணூறுகள் பிறந்தபோது சுரங்கத்தில் புதிதாக ஆள் எடுப்பது நின்றுபோயிருந்தது. இருப்பவர்களுக்கே எத்தனை நாள் என்று தெரியாது. மைசூர் மைன்ஸ் மைதானத்தில் அண்ணன் ஒரே ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகளைத் தடுத்ததைப் பார்த்த ஒருவர், பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் கால்பந்து அணிக்கு அவனைக் கூட்டிப்போனார். அங்கே சேர்ந்தால் வேலை கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது, தற்காலிகமாக. சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த சீசனுக்கு மறுபடி ஒரு காகிதம் நீட்டுவார்கள். அண்ணன் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவான். இப்படி மூன்று வருடம். மூன்றாம் வருடம் பயிற்சியில் அவனுடைய விரல் மூட்டு விலகிவிட்டது. ஒரு மாதம் வீட்டில் கிடந்தான். சம்பளமும் இல்லை, மருத்துவச் செலவும் எங்களுடையது. "பரவால்ல, கூப்புடுவாங்க" என்று சிரித்தான். பந்து வந்தால் புலியாகப் பாய்கிறவன், ஆள் எதிரே வந்தால் சிரிப்பதைத் தவிர ஒன்றும் தெரியாதவன்.

அப்போது நான் டிப்ளமா முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். அவனை நிரந்தரமாக்கச் சொல்லி ஒரு கடிதம் தயாரித்தேன். அப்பா படித்துப் பார்த்தார். "கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்கி கல்லு ஒடைக்கறவனே நாளைக்கு வேல இருக்குமான்னு பயந்துனு கீறான். பந்து புடிக்கறதுக்கு நீ பர்மனென்ட் கேக்கப் போறியா? ஊரே சிரிக்கும் ஸ்டெல்லா" என்றார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று அண்ணனோடு காலை ரயிலில் ஏறினேன்.

அணியைக் கவனித்துக்கொண்ட அதிகாரி கிருஷ்ணப்பா நல்ல மனிதர். தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார். அவர் அறைச் சுவர் முழுக்கக் கோப்பைகள்.

"நீ யாரம்மா?"

"இவரு தங்கச்சி, சார்."

"பிளேயர் பேசட்டும்."

அண்ணன் தரையைப் பார்த்தான். "அவரு கிரவுண்டுல பேசுவாரு சார். இங்க நான் பேசறேன்" என்றேன்.

அவர் கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நோடம்மா, இவனுக்குக் குடுத்தா நாளைக்குப் பதினோரு பேரும் வந்து நிப்பாங்க."

"நிக்கட்டும் சார். இங்க கீற கப்பு எல்லாம் அந்தப் பதினோரு பேரு ஜெயிச்சதுதானே?"

"ஆட்டத்து மேல ஆச இருக்கறவன் காசு பேசமாட்டான்."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. "அப்ப ஞாயித்துக்கிழம செமிஃபைனல்ல எங்கண்ணன் ஆடமாட்டாரு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அண்ணனிடம் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை. திரும்பும் ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டியது. பிறகு, "என்னை ஒரு வார்த்த கேட்டியா?" என்றான்.

"கேட்டா வாணாம்னு இருப்பே."

"ஆமா" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருவரும் பெங்களூர் போனோம். அண்ணன் பேண்ட் சட்டையோடு என் பக்கத்தில் கேலரியில் உட்கார்ந்தான். பட்டியலில் மாற்று ஆளாக அவன் பெயரை விட்டுவைத்திருந்தார்கள். அது கிருஷ்ணப்பாவின் நம்பிக்கை. கோலில் நின்றது ஒரு புதுப் பையன். முதல் பாதியிலேயே இரண்டு கோல் வாங்கிவிட்டான். ஒவ்வொரு முறை பந்து அந்தப் பக்கம் போனபோதும் அண்ணனின் உடம்பு என் தோளில் வந்து மோதியது. இடது பக்கம் பந்து போனால் இடது பக்கம் சாய்ந்தான். அவனை அங்கே உட்கார வைத்திருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் எழுந்து போ என்று சொல்ல என் வீம்பு விடவில்லை.

இடைவேளையில் கிருஷ்ணப்பா வியர்த்து விறுவிறுத்துப் படியேறி வந்தார். "செய்யறேம்மா, செய்யறேன். முதல்ல அவன எறக்கு." நான் பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். நிரந்தர நியமனத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று ஒரு வரி, கீழே கையெழுத்துக்கு இடம். பேனாவையும் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார். திரும்பினால் அண்ணனைக் காணோம். கீழே, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், அந்தப் பையனின் ஜெர்சியைத் தலைவழியே இழுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

"இனி நான் எதுக்கம்மா கையெழுத்துப் போடணும்?" என்றார் அவர். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கையிலிருந்தது எல்லாம் போய்விட்டது. "நீங்க போடாட்டியும் அவரு ஆடுவாரு சார்" என்றேன். "என்னிக்கும் ஆடுவாரு. சும்மா கூப்ட்டாலும் வந்து ஆடுவாரு. அதனாலதான் நீங்க போடணும்."

அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். பிறகு முழங்காலில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தர மறந்து, அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு இறங்கிப்போனார்.

ஆட்டத்தில் தோற்றோம். இரண்டாம் பாதியில் அண்ணனைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை; நம் ஆட்கள் ஒரு கோல் திருப்பினார்கள்; அவ்வளவுதான். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஓட்டலில் எனக்கு மசாலா தோசை வாங்கிக் கொடுத்துவிட்டு, "நான் எறங்காம இருந்திருந்தா?" என்று கேட்டான்.

"மின்னாடியே போட்டிருப்பாரு."

"எறங்கனதால?"

"லேட்டா போட்டாரு."

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஓட்டல்காரர் எங்களை ஜெயித்த கட்சி என்று நினைத்திருப்பார்.

ஐந்து மாதம் கழித்து நியமனக் கடிதம் வந்தது. கிருஷ்ணப்பா பயந்தது போலவே இன்னும் மூன்று ஆட்டக்காரர்கள் போய்க் கேட்டு, நிரந்தரமானார்கள். எங்கள் தெருவில் என்னை ஏஜென்ட் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இதோடு முடிந்திருந்தால் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். ஆனால் சில வருடங்கள் கழித்து, செலவு அதிகமாகிறது என்று சொல்லி அந்தத் தொழிற்சாலை அணியையே கலைத்துவிட்டது. புதிதாக ஆடவந்த ஓர் இளைஞன் ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "நீங்க கேட்டதாலதான் அக்கா எங்களுக்கு வழி அடைஞ்சிபோச்சி" என்றான். அண்ணன் இப்போது அந்தத் தொழிற்சாலையிலேயே கடைசல் இயந்திரம் ஓட்டுகிறான். இந்த வருடம் சுரங்கத்தை மூடியபோது வீட்டில் அடுப்பு எரிந்தது அவன் சம்பளத்தில்தான். இரண்டும் உண்மை.

ஏஜென்ட் என்றாலே எனக்குக் கரிசனம் என்று நினைத்துவிடாதீர்கள். என்னை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த கன்சல்டன்சிக்காரர், நான் உழைக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மீதியைத் தருகிறார். எனக்காக அவர் எதையும் வாதாடி வாங்கிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. விசாவில் வந்திருக்கும் நம்மவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். நமக்காகப் பேசுகிறவரும் உண்டு, நம்மை வைத்துப் பேசுகிறவரும் உண்டு. இருவருக்கும் ஒரே பெயர்.

இந்தக் கோடையில் டேவ் தன் இரண்டு மகள்களோடு என்னையும் பேஸ்பால் பார்க்கக் கூட்டிப்போனார். இந்த ஆட்டத்தில் பாதி நேரம் ஒன்றும் நடப்பதில்லை என்பதால் முழுக்கதையையும் சொல்ல முடிந்தது. கேட்டு முடித்துவிட்டு, "எத்தனை சதவீதம் எடுத்துக்கொண்டாய்?" என்றார்.

"ஒரு மசாலா தோசை."

"அப்படியானால் நீ ஏஜென்ட் இல்லை, தங்கை" என்றார். பிறகு, கார் நிறுத்தியதற்கு, டிக்கெட்டுக்கு, ஹாட் டாக் ரொட்டிக்கு என்று விரல் மடக்கினார். "என் அப்பா என்னைச் சில்லறைக் காசில் கூட்டிவந்தார். இதற்கெல்லாம் யார் காரணம்?"

"ஆட்டக்காரருக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தால் நாளைக்கு ஹாட் டாக் விலை இறங்குமா?"

யோசித்தார். "இறங்காது. எப்படியும் நாங்கள் வாங்குவோம்."

"அப்படியானால் மீதிப் பணம்?"

"முதலாளிக்கு" என்றார், கசப்பு மருந்தை விழுங்கியதுபோல. "இருந்தாலும் அந்த ஏஜென்ட்டின் கோட்டு சூட்டைப் பார்த்தால் எனக்கு எரிகிறது."

"எனக்கும்தான்" என்றேன். அந்த ஒரு விஷயத்தில் ஒஹையோவும் கோலாரும் உடன்பட்டன. டேவின் சின்ன மகள் எனக்கு உள்ளூர் அணியின் தொப்பியை மாட்டிவிட்டாள்.

அப்போதுதான் நம் ஊர் அணிக்காரர் ஒருவர் ஓங்கி அடித்தார். நம் ஊர் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும். பந்து வானத்தில் ஏறியது. கூட்டமே எழுந்து கத்தியது. வெளியூர் அணிக்காரன் ஒருவன் பின்னோக்கி ஓடினான், சுவரில் கால் வைத்து எகிறினான், சுவருக்கு அப்பால் விழ இருந்த பந்தைக் கையுறையில் வாங்கிக்கொண்டு புல்லில் புரண்டான். அத்தனை பேரும் "ஊ..." என்று தொய்ந்து உட்கார்ந்தார்கள். நான் மட்டும், உள்ளூர்த் தொப்பியோடு, நின்றபடி இரண்டு கையையும் தூக்கி, "புடிச்சிட்டான்யா! இன்னா புடி!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

முன்வரிசைக்காரர்கள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். டேவ் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஸ்டெல்லா, நீ எந்தப் பக்கம்?" என்றார்.

நான் இன்னும் உட்காரவில்லை.