மேற்படி கட்டடம்

அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'மொத்தம்'. போன் செய்கிறவர்கள் "மொத்தம் சார் இருக்காரா?" என்பார்கள். அவரும் கூச்சப்படாமல், "மொத்தம்தான் பேசறேன்" என்பார்.

ஐம்பத்தோரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அலுத்துப்போய் வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டார்கள். வேலை செய்யும் இடம் பழைய கட்டடத்தின் நிலவறை. ஒரு பக்கம் கொதிகலன் அறை. மறுபக்கம் கால் உடைந்த கட்டில்கள். நடுவில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலி வருகிறவர்களுக்காகப் போட்டது. அது சும்மா கிடப்பானேன் என்று அதன்மேல் ஃபைல்களை அடுக்கிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு நான்கு கட்டடங்கள்: கிழக்கு, மேற்கு, பழையது, புதியது. ஒவ்வொரு மாடியிலும் என்னென்ன உடைந்திருக்கிறது என்று அந்தந்த மாடி சிஸ்டர்கள் திங்கட்கிழமை காலையில் ஒரு பொது ஷீட்டில் தட்டிவிடுவார்கள். கட்டடம், மாடி, அறை, பொருள், புகார் என்று ஐந்து பத்தி. வாரத்துக்கு நானூறு வரி தேறும். அதைச் சுருக்கி மொத்தம் போட்டுக் கொடுப்பதுதான் மொத்தத்தின் வேலை.

சுருக்குவதற்கு அவர் வைத்திருந்த ஆயுதம் பிவட் டேபிள் என்கிற கம்ப்யூட்டர் அட்டவணை. பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கட்டடத்தை இழுத்து ஒரு பெட்டியில் போட வேண்டும். அதன் அடியில் மாடி, அதன் அடியில் அறை, அதன் அடியில் பொருள். உடனே நானூறு வரியும் வாயை மூடிக்கொண்டு நான்கே வரியாகிவிடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு ப்ளஸ் குறி. கட்டடத்தின் ப்ளஸ்ஸை அழுத்தினால் மாடிகள் விரியும், மாடியை அழுத்தினால் அறைகள், அறையை அழுத்தினால் சொட்டுகிற குழாய். டப்பாவுக்குள் டப்பாவுக்குள் டப்பா. கண்காணிப்பாளருக்கு வெளி டப்பா போதும். எலக்ட்ரீசியனுக்குக் கடைசி டப்பா வேண்டும்.

ஒருமுறை தனக்கு வந்த போன்களையே அப்படிச் சுருக்கிப் பார்த்தார். ஒரு வருடக் கணக்கு. 'உறவு' என்று எழுதிய இடத்தில் ஒரு ப்ளஸ் குறி இருந்தது. அழுத்தினார். ஒரே ஒரு வரி விரிந்தது: அக்கா, ஐம்பத்திரண்டு. வாரம் ஒரு போன், "சாப்டியாடா?" என்று ஆரம்பித்து "சரி, வைக்கட்டா" என்று முடிவது. ஒரே ஒரு வரிக்கு எதற்கு ப்ளஸ் குறி என்று மூடப்போனார். சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதுவாவது கேட்கிறதே என்று இருந்தது. வேண்டாம் என்று அழுத்தினார்.

சிஸ்டர்களுக்கு ஆயிரம் வேலை. வரிக்கு வரி 'பழைய கட்டடம்' என்று யார் தட்டிக்கொண்டிருப்பது? சிலர் முதல் வரியில் மட்டும் முழுதாக எழுதுவார்கள். அடுத்த வரியிலிருந்து எல்லாம் 'மேற்படி'. மனிதக் கண்ணுக்கு அது போதும், மேலே பார்த்துப் புரிந்துகொள்ளும். கம்ப்யூட்டருக்கு அண்ணாந்து பார்க்கத் தெரியாது. மேற்படி என்றால் அதுவும் ஒரு கட்டடம் என்று நம்பிவிடும். ஆகவே, எடுத்தவுடன் எல்லா மேற்படியையும் அழித்து, மேலே உள்ளதையே கீழே நிரப்ப வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் வரிகளை அகரவரிசையில் அடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் வரிகள் கலைந்துவிடும். பச்சைக் கார் நிற்கிற வீடு என்று வழி சொல்லிவிட்டு, அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்ட மாதிரி.

பதினோரு வருடத்தில் ஒரு திங்கட்கிழமைகூட அவர் இதில் தப்பியதில்லை. அந்தத் திங்கட்கிழமை, நிரப்பலாம் என்று கை வைத்த நேரத்தில் போன் அடித்தது.

"கேஸ் கம்பெனிங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

ராங் நம்பர் என்று வைத்திருக்கலாம். மொத்தம் வைக்கவில்லை.

"இல்லைங்க. நீங்க எந்த நம்பருக்குப் போட்டீங்க?"

அவள் சொன்னாள்.

"கடைசி ரெண்டு எண்ணை மாத்திப் போட்டுட்டீங்க."

"அப்படியா! கண்ணாடி போடலைங்க, அதான்."

"கண்ணாடி போடாம கேஸ் பக்கம் போயிடாதீங்க."

அவள் சிரித்தாள். அடுப்பு எரியாத கதையைச் சொன்னாள். நான்கு நிமிடம். போனை வைத்தபோது அவருடைய காது சூடாக இருந்தது. அதே சிரிப்போடு திரையின் பக்கம் திரும்பினார். நிரப்பி முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, வரிகளை அடுக்கினார், சேமித்தார், பிவட் போட்டார், கண்காணிப்பாளருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் அனுப்பினார்.

எலக்ட்ரீசியனை, அவரிடம் பயந்தவர்கள் 'சார்' என்பார்கள், பயப்படாதவர்கள் 'ஃபியூஸ்' என்பார்கள். படக்கென்று எரிந்துவிடுகிற ஆள். பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து போன்.

"மொத்தம் அண்ணே, ஒரு சந்தேகம். மேற்படி கட்டடத்துக்கு எந்தப் பக்கமா போகணும்?"

"என்னது?"

"அறுபத்து மூணு வேலை இருக்குன்னு போட்டிருக்கீங்களே. எப்ப கட்டினாங்க? ஒரு மூட்டை சிமெண்டு எறங்கி நான் பாக்கலையே."

மொத்தம் திரையைப் பார்த்தார். கிழக்கு, பழையது, புதியது, மேற்கு. அவற்றோடு சரிசமமாக உட்கார்ந்திருந்தது மேற்படி. ப்ளஸ்ஸை அழுத்தினார். மேற்படி மாடி. அதை அழுத்தினார். மேற்படி அறை.  சிஸ்டர்கள் எழுதிய வரிசை இனி எங்கேயும் இல்லை. அதன்மேல்தான் அவர் சேமித்திருந்தார்.

"விடுங்கண்ணே," என்றார் ஃபியூஸ். "அடுத்த திங்கக்கிழமை திரும்ப எழுதுவாங்க. குழாய் ஒரு வாரம் சொட்டினா ஆஸ்பத்திரி முழுகிடாது."

நியாயம்தான். மொத்தம் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அலமாரிக் கைப்பிடி, குழாய், திரைக்கம்பி, மின்விசிறி. எல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். ஒன்றைத் தவிர. மேற்படி, மேற்படி, மேற்படி, அளைப்பு மணி, அடிக்கவில்லை.

"ஃபியூஸ், இதுல மணி ஒண்ணு இருக்குப்பா. பேஷண்ட் கூப்பிடற மணி."

அந்தப் பக்கம் கருவிப் பையைத் தூக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "எந்த ரூம்?"

"மேற்படி."

"அண்ணே, விளையாடாதீங்க."

"நானா விளையாடறேன்?"

நான்கு கட்டடத்திலும் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டில்கள். அதில் ஏதோ ஒன்றில் ஒருவர் படுத்துக்கொண்டு பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறார். மொத்தம் மாடி மாடியாகப் போன் போட்டார். "எழுதிட்டோமே சார், உங்க ஷீட்டுல பாருங்க" என்று ஆறு மாடிகள் சொல்லிவைத்த மாதிரி பதில் சொல்லின. ஏழாவதாகக் கூப்பிட்ட மாடி அதைக்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டது.

அப்புறம்தான் அந்த 'ள' கண்ணில் பட்டது. அழைப்பு அல்ல, அளைப்பு.

அவர் சிஸ்டர்களில் பாதிப் பேரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவர்களுடைய பிழைகளை அவருக்குத் தெரியும். 'கொளாய்' என்று எழுதுகிறவர், 'மின்விசிரி' என்று எழுதுகிறவர், வார்த்தைக்கு வார்த்தை இரண்டு இடைவெளி விடுகிறவர். பழைய வாரத்து ஷீட்டுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, 'அளைப்பு' என்று இருப்பதை மட்டும் வடிகட்டி, பிவட்டை விரித்தார். பழைய கட்டடம், பதினான்கு. ப்ளஸ். மூன்றாம் மாடி, பதினான்கு. வேறெங்கும் ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் மாடி அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. ஃபியூஸுக்கு மாடியைச் சொல்லிவிட்டுப் படியேறினார்.

அங்கே இருந்த சிஸ்டர் உதட்டைப் பிதுக்கினாள். "எழுதினவங்க ராத்திரி டூட்டி முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க சார். இப்ப தூங்குவாங்க, போனு எடுக்க மாட்டாங்க."

இருபத்திரண்டு அறைகள். மொத்தம் முதல் அறைக்குள் போய்ப் பொத்தானை அமுக்கினார். மணி அடித்தது. சிஸ்டர் ஓடி வந்தாள்.

"யாருக்கு என்ன?"

"நான்தாங்க. அடிக்குதான்னு பாத்தேன்."

"அடிக்குது. அதான் வந்துட்டேன்ல?"

இரண்டாவது அறையிலும் வந்தாள். மூன்றாவதிலும் வந்தாள். நான்காவதில் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சார், இது என்ன பொம்மையா?" அதற்கப்புறம் ஓடி வரவில்லை, மணி அடித்ததும் தன் மேசையிலிருந்தே "கேக்குது, கேக்குது!" என்று கத்தினாள். ஒன்பதாவது அறையில் ஒரு பெரியவர் கண் விழித்து, "டாக்டருங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. டேபிள்," என்றார் மொத்தம்.

பதினேழாவது அறைக் கதவைத் திறந்தபோது ஒரு பெண் கட்டிலிலிருந்து பாதி இறங்கியிருந்தாள். அவர் வயதுதான் இருக்கும். இடது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. ஒரு கையில் சலைன் பாட்டில் தொங்கும் சக்கரக் கம்பி. கம்பி அவளை விட்டு நழுவிப் போய்க்கொண்டிருந்தது, அவள் கம்பியோடு போய்க்கொண்டிருந்தாள்.

"ஐயோ, இறங்காதீங்க! உக்காருங்கம்மா!"

அவர் கம்பியைப் பிடித்தார். அவள் அவருடைய தோளைப் பிடித்தாள். இரண்டு பேருமாக அவளைக் கட்டிலில் உட்காரவைத்தார்கள்.

"பாத்ரூம் போகணும்," என்றாள் மூச்சு வாங்கியபடி. "மணி அடிச்சேன். இந்த ரூம் மணி கொஞ்சம் மெதுவுங்க. அமுக்கினா அரை மணி, முக்கா மணி ஆகும் வர்றதுக்கு. இன்னைக்குத் தாங்கல."

மொத்தம் பொத்தானை அமுக்கினார். காத்திருந்தார். மேசைப் பக்கமிருந்து குரல் இல்லை. மறுபடி அமுக்கினார். யாரும் வரவில்லை. யாரும் வராததற்காக அவர் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"மெதுவில்லைங்க. இது அடிக்கவே இல்ல."

"அப்ப இவங்க வந்தது?"

"அவங்களா வந்திருப்பாங்க. மருந்து குடுக்க."

அவள் பொத்தானைப் பார்த்தாள். "ரெண்டு நாளா நான் கூப்பிட்டுத்தான் வர்றாங்கன்னு நெனச்சேன்."

மொத்தம் நடைக்கு ஓடிப்போய் சிஸ்டரைக் கத்திக் கூப்பிட்டார். சிஸ்டர் வந்து அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள், இந்தமுறை ஒன்றும் திட்டவில்லை. ஃபியூஸ் கருவிப் பையோடு வந்தார். பின்னால் அறுந்திருந்த ஒயரை மாற்றினார். அமுக்கிப் பார்த்தார். அடித்தது.

திரும்பி வந்து படுத்ததும் அவளும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். "கேக்குது!" என்றது மேசைப் பக்கம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் தையல்காரி என்றும், ஏணியிலிருந்து விழுந்ததாகவும் சொன்னாள். துணி தைக்கிறவளுக்கு ஏணியில் என்ன வேலை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பார்க்க வருகிறவர்கள் யாரையும் பற்றிச் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் ஒரு தம்ளர்தான் இருந்தது.

மொத்தம் கிளம்பினார்.

"நாளைக்கு வருவீங்களா, மணி பாக்க?" என்றாள்.

"மணிதான் சரியாயிடுச்சேங்க."

"ஆமால்ல," என்று அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவருடைய கால் நின்றுவிட்டது. அவள் கேட்டது மணியைப் பற்றி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய் என்ன சொல்வது?  மேலே போகவில்லை. கீழே இறங்கி, கண்காணிப்பாளருக்கு ஒரு மெயில் எழுதினார். 'மேற்படி கட்டடம் என்று ஒன்று இல்லை. அது என் தவறு. மீதி அறுபத்திரண்டு வேலைகளும் எந்தெந்த அறை என்று நானே நேரில் போய்க் கண்டுபிடித்துத் தருகிறேன்.' பதில் வரவில்லை. வரும் என்று அவர் காத்திருக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் ஃபியூஸ் அவரைப் படிக்கட்டில் பிடித்தார். மொத்தத்தின் கையில் காகிதப் பட்டியல், காதில் பென்சில்.

"எங்கிருந்துண்ணே ஆரம்பிக்கறீங்க?"

"பழைய கட்டடம், மூணாவது மாடி."

"அங்கதான் நேத்தே பாத்துட்டீங்களே?"

"மணியைத்தான்பா பாத்தேன். குழாயைப் பாக்கல."

ஃபியூஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மொத்தம் அதற்குள் இரண்டிரண்டு படியாக ஏற ஆரம்பித்திருந்தார்.