நல்ல இரும்பு வரைக்கும்

என் புருஷனுக்கு என்னைவிட அந்த ஜீப்பைத்தான் அதிகம் பிடிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். எனக்கும் கல்யாணமான முதல் வாரமே தெரிந்துவிட்டது. டீசல் போட்டுக்கொண்டு வருகிறவரைப் பார்த்து, "சக்களத்திக்கு சோறு போட்டாச்சா மாமா?" என்று கேட்பேன். சிரிப்பார். அவருக்குக் கோபம் வராது. வீட்டுக்குத் தேவையான கோபத்தை மொத்தமாக நானே பட்டுக்கொண்டேன்.

கடப்பாக்கத்தில் இப்போது படகைக் கரையேற்ற டிராக்டர் வந்துவிட்டது. அதற்கு முன் இவருடைய ஜீப்தான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய வண்டி. அலை நனைக்கிற இடம்வரை பின்பக்கமாக இறக்கி, கயிற்றை மாட்டி, மணலில் உறுமிக்கொண்டே படகை மேலே கொண்டுவந்துவிடுவார். அப்புறம் அதே வண்டியில் மீன் கூடையும் ஐஸ் பெட்டியும் ஏறும். உப்புத் தண்ணீரில் குளித்து, மீன் தண்ணீரில் ஊறி, ராத்திரியெல்லாம் கடல் காற்றில் நிற்கிற வண்டிக்குத் துரு பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்?

தரைத் தகட்டில் முதல் ஓட்டை விழுந்தது. எங்கள் குப்பத்தில் எதில் ஓட்டை விழுந்தாலும் ஒரே வைத்தியம்தான். ஃபைபர் மேட்டைக் கத்தரித்து ஓட்டையின் மேல் வைத்து, ரெசின் பசையைக் கலக்கிப் பூசிவிடுவார்கள். படகுக்கு அப்படித்தான் ஒட்டுப் போடுகிறோம். எங்கள் தண்ணீர்த் தொட்டியும் பாத்ரூம் கதவும் அப்படித்தான் பிழைத்தன. ஜீப்புக்கும் அவரே ஒட்டினார். காய்ந்ததும் என்னைக் கூப்பிட்டு, குதிகாலால் ஓங்கி மிதித்துக் காட்டினார். "கல்லு மாரி கீது பாரு டீச்சரு."

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். வீட்டிலும் எனக்கு அதுதான் பெயர்.

வருஷத்துக்கு ஓர் ஒட்டு விழுந்தது. அதைப் பார்த்து ஆட்டோக்காரர்கள்கூட அவரிடம் ஒட்டுப் போட வந்தார்கள். மேலே பளபளவென்று இருந்தது. அடியில் என்ன நடக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

அதற்குள் சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் வெளிச்சம்கூடத் தெரியாமல் போயிற்று. வண்டி வீட்டுப் பக்கத்தில் நின்றுவிட்டது. காலையில் டீ குடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிடுவார். கரையில் மீன் ஏலம் போடுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு யாருக்கு நல்ல மீன்பாடு என்று சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். வீட்டுக்குள் இருக்கும்போது அவர் ஒரு நோயாளி. அந்த சீட்டில் மட்டும் பழைய ஆள்.

ஒருநாள் நான் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம் உள்ளே வந்தார். சிமெண்டுத் தரையில் இடது கால் பட்ட இடமெல்லாம் சிவப்பு.

"மாமா, கால்ல இன்னா?"

"கால்ல இன்னா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஏறும்போது ஒட்டோடு தரை உள்ளே போய், கால் மாட்டிக்கொண்டதாம். இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். தகடு கிழித்தது தெரியவில்லை, வலிக்கவே இல்லை. கண்ணோடு நிற்காமல் சர்க்கரை பாதத்துக்கும் போய்விட்டது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கட்டுப் போட்டோம், ஊசி போட்டோம். மேலே காய்ந்து வந்தது. ஆனால் இரண்டு விரல் கறுத்தது. செங்கல்பட்டில் டாக்டர் பார்த்துவிட்டு, அந்த இரண்டு விரலையும் உடனே எடுத்துவிட வேண்டும், கெட்டதைத் துளி விட்டாலும் மேலே ஏறும், அப்புறம் உயிருக்கே ஆபத்து என்றார். இவர் எழுந்துவிட்டார்.

"மேல காஞ்சிட்டுதானே வருது? உள்ளயும் தானா காஞ்சிடும்."

அழுதேன், கத்தினேன். ஜீப்பை எடைக்குப் போட்டுவிடுவேன் என்று மிரட்டினேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேரம் பேசினார். "மொதல்ல ஜீப்ப சரி பண்ணு. அது ரெடியாயி வரட்டும். நான் ஆஸ்பத்திரிக்கு வரேன்." அழுகிக்கொண்டிருக்கிற காலை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிற ஆளை என்ன செய்வது? செங்கல்பட்டில் வண்டித் தகடு வேலை பார்க்கிற ஒரு டிங்கரைப் பிடித்தேன். என் கொழுந்தன் வண்டித் தரையில் பலகையைப் போட்டு ஓட்டிக்கொண்டு போய் விட்டான்.

அந்த டிங்கர் 'நாளைக்கு' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்துகிறவன். ஜீப் ஷெட்டில் சும்மா நின்றது. இங்கே கட்டுப் பிரிக்கும்போது நாற்றம் வர ஆரம்பித்தது. நான் தினமும் போனில் சண்டை போட்டேன். ஒருவழியாகக் கூப்பிட்டான். "டீச்சரம்மா, வந்து பாத்துட்டு போங்க. நீங்க பாக்காம நான் வெட்ட மாட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் இவரையும் ஆட்டோவில் ஏற்றினேன். "என் சக்களத்திய நீயே வந்து தொட்டுப் பாரு," என்றேன்.

டிங்கர் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினான். ஃபைபர் ஒட்டு தாம்பாளம் மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. அதற்கு அடியில் இரும்பு என்று ஒன்று இல்லை. ஈரமாக, அடுக்கடுக்காக, டீயில் ஊறின பிஸ்கட் போல இருந்தது. இவர் கையைப் பிடித்து அதில் வைத்தேன். விரலால் அழுத்தினார். நொறுங்கியது. இன்னும் அழுத்தினார். விரல் மறுபக்கம் போய்விட்டது.

"இரும்பு மேல இத்த ஒட்டுனா, பூந்த உப்புத்தண்ணி எப்டி அண்ணாத்த வெளிய வரும்? உள்ளயே கெடந்து துன்னுகினு இருக்கும். எவன் ஒட்டுனது இது?"

"நான்தான்," என்றார்.

டிங்கருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சுத்தியலை எடுத்து ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போனான். சத்தம் சவசவவென்று வந்தது. இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இங்க இல்ல... இன்னும் தள்ளு... இன்னும்." கதவின் அடிவரை போனபிறகுதான் கணீரென்று ஒரு சத்தம் கேட்டது.

"அது வரைக்குமா வெட்டணும்?"

"நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டியே ஆவணும். கொஞ்சம் வுட்டாலும் புதுத் தகட்டுல ஏறிடும்."

விரலில் ஒட்டின துருவைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டாக்டரு என் காலுக்கும் இதத்தான் சொன்னாரா?"

"ஆமா மாமா. நானும்தான் தொண்டை கிழியச் சொன்னேன்."

"சரி. இப்பவே போலாம்."

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கட்டைப் பிரித்தார். விரலை எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார். இவர் காலை நீட்டிக் கொடுத்தார். "நல்ல எடம் பாத்து வெட்டுங்க சார்," என்றார். வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு வாரம் முன்னாடி கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று டிங்கரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவனைத் திட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

உயிர் பிழைத்தார். நாங்கள் வீடு திரும்பிய கொஞ்ச நாளில் ஜீப்பும் வந்தது. புதுத் தகடு, புது பெயிண்ட். கொழுந்தனும் நானும் அவரைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். கொழுந்தன் கரைக்குப் போய்விட்டான். இவர் கதவையும் தரையையும் தடவிப் பார்த்து, "வேலக்காரன்தான்," என்றார். அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. எனக்கு நெஞ்சு நிறைந்தது.

வலது கை ஸ்டியரிங்குக்குப் போனது. இடது கை கியரைப் பிடித்தது. இடது தொடை ஒருமுறை எழும்பி இறங்கியது. மறுபடியும் எழும்பி இறங்கியது.

"டீச்சரு, கிளட்ச் எறங்க மாட்டேங்குது. மிதிச்சிகினே கீறேன். அதும் மேலயும் வெல்டிங் வெச்சிட்டானா பாரு."

இல்லாத கால் இருப்பது போலவே கொஞ்ச காலம் தோன்றும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முழங்காலுக்குக் கீழே கைலி வெறுமனே தொங்கியது. கதவோரம் மண்ணில் மண்டி போட்டு, அவர் வலது காலுக்கு மேலாக உள்ளே குனிந்து, இரண்டு கையாலும் கிளட்சை அழுத்தினேன். அது அவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உடம்பு பாரம் முழுதையும் போட்டு அழுத்தினேன்.

"இப்ப போடு மாமா."

கியர் விழுந்தது. அவர் அசையவில்லை. என் குரல் காலடியிலிருந்து வருவதை வைத்தே அவருக்குப் புரிந்திருக்கும். கியரிலிருந்து கையை எடுத்தார். அது தடவிக்கொண்டே கீழே வந்து என் தலையில் நின்றது.

"வுட்றாதடி," என்றார். "இன்னும் ரெண்டாவது போடணும்."