கரி பஸ்ஸில் வந்த கல்நார்த் தலையணை

சேலத்திலிருந்து பரமத்தி வேலூருக்கு பஸ்ஸில் போக நினைப்பவர்கள் யுத்தம் முடியும்வரை காத்திருந்தால் நல்லது. எனக்கு அதற்கு வழியில்லை. என் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்து மாதம் ஒன்றாகியும் மாப்பிள்ளை அதன் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய இருமலைக் கசம், அதாவது காசநோய், என்று நினைத்து, வீட்டுப் பக்கமே வர வேண்டாமென்று என் அம்மா சொல்லிவிட்டாள். சென்ற மாசியில் அவரை அழைத்துவர வேலூரிலிருந்து சேலத்துக்கு நானே கிளம்பினேன்.

பெட்ரோல் கிடைக்காததால் இப்போது பஸ்கள் பின்னால் ஒரு தொட்டியைச் சுமந்துகொண்டு அடுப்புக்கரியில் ஓடுகின்றன. அந்தத் தொட்டி செய்யும் பட்டறையில்தான் மாப்பிள்ளைக்கு வேலை. சூடு வெளியேறாமல் சுற்றிலும் கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் பொதிவார். ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்த டாக்டர், கசம் இல்லை, கல்நார்த் தூள்தான் நெஞ்சைக் கெடுக்கிறது, அந்த வேலையை விடு என்று சொல்லியிருந்தார். முதலாளியும் ரிவெட் அடிக்கும் பக்கம் மாற்றிவிட்டார். மாப்பிள்ளை இதைச் சொன்னதும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

நாங்கள் இருவரும் ஏறிய ஏழு மணி பஸ் ஒன்பதுக்குக் கிளம்பியது. நாமக்கல்லுக்கு முப்பத்திரண்டு மைல்; ஏற்றம் வந்தால் இறங்கி நடக்க வேண்டும், நம் காலே துணை. அதற்காக டிக்கெட்டில் தள்ளுபடி உண்டா என்று டிரைவரைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. புதுச்சத்திரத்தில் கரி போட நிறுத்தியபோது, சற்றுத் தூங்கலாமென்று மாப்பிள்ளையின் மூட்டையிலிருந்த சின்னத் தலையணையை எடுத்துத் தட்டினேன். வெயிலில் வெள்ளைத் தூள் எழும்பியது. மாப்பிள்ளை கண்ணில் நீர் வர இருமினார்.

“இது இலவம்பஞ்சு இல்லையா மாப்ளே?”

“கல்நாருங்க மச்சான். பட்டறையில மிச்சம் கெடந்துச்சு. மூட்டப்பூச்சி அண்டாதுங்க. அங்க வேல பாக்கறவங்க எல்லார் ஊட்லயும் இதேதானுங்க. கொழந்தைக்குன்னு நானே தச்சேன்.”

“டாக்டர் சொன்னது மறந்து போச்சா?”

“அவரு தூளைத்தானுங்க சொன்னாரு. இது பஞ்சாட்டமா...” என்றவர், தன் சட்டையில் படிந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பார்க்காத பிள்ளைக்கு ஆசையாய்த் தைத்ததை என்னவென்று திட்டுவது? கரித் தொட்டிக்குள்ளேயே போட்டு எரித்துவிடலாம் என்று டிரைவர் யோசனை சொன்னார். “அது எரியாதுங்க,” என்றார் மாப்பிள்ளை. டிரைவரிடமே தண்ணீரும் மண்வெட்டியும் வாங்கி, தூள் பறக்காதபடி தலையணையை நன்றாக நனைத்து, சாலையோரம் ஆழமாய்க் குழி தோண்டிப் புதைத்தார்.

“திரும்பிப் போனதும் ஒவ்வொரு ஊட்டுக்கும் போய்ச் சொல்லோணுங்க,” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

நாமக்கல்லில் பஸ் மாறி, இன்னும் பன்னிரண்டு மைல் போனால் வேலூர். வருபவர்கள் கட்டுச்சோறு கொண்டு வாருங்கள். கடைசி இருக்கையில் உட்காராதீர்கள், தொட்டியின் அனல் தாங்காது. தொட்டியிலோ வெந்நீர் பாய்லரிலோ கல்நார் உதிர்ந்து கிடந்தால் வீட்டுக்கு அள்ளிப் போகாதீர்கள்.

மாப்பிள்ளை மேலே ஒட்டிய தூள் போகக் காவிரியில் முழுகி, என் மாற்று வேட்டி சட்டையை உடுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். “நெசமாத்தானா சாமி?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, அவளே குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். இருமல் வந்துவிடுமோ என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மூச்சு உடுங்க மாமா,” என்றாள் என் தங்கை.