சூடு தெரியாத கால்

மாரியம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் கண்டி மஹய்யாவையிலிருந்து கமலா சொல்லிக்கொள்வது. போன ஆடி மாதம் என் கணவரின் கால் பறிபோக இருந்தது. அதற்குக் காரணம் நான்தான்.

அவர் தையல்காரர். மெஷின் மிதிக்கிற அந்தக் கால்தான் எங்களுக்குச் சோறு. சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் இரண்டு பாதமும் மரத்துப்போயிருந்தன. மஹியங்கனைக்கு அப்பால் காட்டுக்குள் வெந்நீர் ஊற்று இருக்கிறது, அதில் கால் வைத்தால் உணர்ச்சி திரும்பும் என்று யாரோ சொன்னார்கள். கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் பிடிவாதம் அப்படி.

பஸ், பிறகு ஆட்டோ, பிறகு கொஞ்சம் நடை. அங்கே கட்டிய கிணறோ வேலியோ இல்லை. கற்களுக்கிடையே தண்ணீர் குமிழிவிட்டு ஆவி பறந்தது. எனக்கு அது அம்மனின் தீர்த்தமாகவே தெரிந்தது. மஞ்சள் தூவி, சூடம் கொளுத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை ஊற்றில் வைத்தார்.

"கொதிக்கும்னாங்க. சூடே இல்லியே புள்ள," என்றார்.

"ஆத்தா நமக்காக ஆறவச்சிட்டா. எடுக்காதீங்க," என்றேன். கண்ணைத் திறக்கவில்லை.

கும்பிட்டு முடித்துத் திரும்பினேன். அவர் காலைத் தூக்கினார். கணுக்கால்வரை தோல் வழன்றிருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. நான்தான் அலறினேன்.

ஆட்டோ எப்போதோ போய்விட்டது. போனில் சிக்னல் இல்லை. மண்ணில் விழுந்து அழுதேன். "தாயே, உணர்ச்சி வேணாம். அந்தக் கால மட்டும் விட்டுரு."

அழுது ஓய்வதற்குள் காட்டுப் பாதையில் ஒரு வான் வண்டி வந்தது. கண்டிக்குப் பக்கத்து அக்குறணைக் கடைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு ஊற்றைப் பார்க்க வந்திருந்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் அவர் மனைவி என் கணவரின் காலில் ஊற்றினார்.

"அழ வாணாம் தங்கச்சி, ஏறுங்க. அல்லாஹ் இருக்கான்," என்றார் கடைக்காரர். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு இடம் விட்டார்கள். நான் கூப்பிட்ட தாய்தான் அவர்களை அனுப்பினாள் என்று இன்றும் நம்புகிறேன்.

காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஒரு மாதம் கட்டிலருகே அதே வேண்டுதல். கடைசியில் ஒரு விரல் போனது. கால் தங்கியது.

இன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்று கேட்டேன், அழுகை வந்துவிட்டது. அவர் குளிக்கிற தண்ணீரில் இப்போது முதலில் என் கைதான் படும்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, அம்மனிடம் கேளுங்கள். என் தப்பையும் பொறுத்துக்கொண்டு கொடுத்தவள் உங்களுக்கும் கொடுப்பாள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் இப்போதெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டுதான் கும்பிடுகிறேன்.