ஹெலிகாப்டர் சீட்டுக்கு அடியில்

ஒன்பது மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும் என்று ஜோதிகா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு அவர்கள் பாடி மேம்பாலத்தையே தாண்டியிருக்கவில்லை. புருஷன் உதயகுமார் தன் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, சாவதானமாக டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

"பன்னெண்டு மணி வரிக்கும்தான் ஹெலிகாப்டர்ல ஏத்துவாங்களாம். பாஸ்லயே போட்டுக்குது."

"அது இன்னா பஸ்ஸா, உட்டா போயிட? அங்கியேதான் நின்னுகினு இருக்கும். நீ ஒரு டீ சாப்புடு."

விமான நிலையத்தில் விழா எடுக்கிறார்கள், ராணுவ விமானங்களைக் கிட்டப் போய்ப் பார்க்க விடுகிறார்கள் என்று மகள் ரோஷினிதான் போனில் பார்த்துச் சொன்னாள். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. ஜோதிகாவுக்கு அப்படியில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பட்டறையில் அவளுக்குப் பதினோரு வருஷமாக வேலை. உள்ளங்கை அகலத்தில், நடுவில் சதுர ஓட்டை போட்ட அலுமினியத் துண்டுகள் மிஷினிலிருந்து பிசிறு பிசிறாக வரும். அரத்தால் ராவி அந்தப் பிசிறை எடுக்க வேண்டும். வெளி ஓரத்தை ராவினால் போதும் என்பார் சூப்பர்வைசர் துலுக்கானம். ஜோதிகா ஓட்டையின் உள்மூலைகளையும் சின்ன உருட்டு அரத்தால் இழைத்துவிடுவாள். சேர்ந்த புதிதில் அந்த மூலை அவள் விரலைக் கிழித்திருந்தது. பக்கத்தில் உட்காரும் மங்களத்துக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. வாய் ஓடுகிற வேகத்தில் கை ஓடாது.

"ஹெலிகாப்டர் சீட்ட தரையோட புடிச்சிகினு கீறதே நம்ம பீஸுதாம்மா" என்று துலுக்கானம் ஒருநாள் சொன்னதை ஜோதிகா வீட்டில் வந்து சொன்னாள். மாமியார் அங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கள்ளிக்குப்பத்தில் யார் கேட்டாலும், "எம்மருமவளா? தகரம் ராவுறா" என்பதுதான் அங்கம்மாவின் பதில். எதிர்த்துப் பேசுகிற சுபாவம் ஜோதிகாவுக்கு இல்லை. ஒரே ஒரு தடவை அந்த சீட்டுக்கு அடியில் பார்த்துவிட வேண்டும், மாமியாரையும் பார்க்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு.

வாசலில் பையைச் சோதித்த காவலர், சாப்பாடு உள்ளே போகக் கூடாது என்றார். அங்கம்மாவின் தூக்கில் எலுமிச்சைச் சோறு, மேலே வறுத்த நெத்திலி.

"அந்தத் தொட்டியில போட்டுட்டுப் போங்கம்மா."

"சோத்தையா? நீ சோறுதானே துன்ற, நைனா?"

அங்கம்மா நடைபாதையில் சம்மணம் போட்டுத் தூக்கைத் திறந்துவிட்டாள். காலை பத்தரை மணிக்கு, கொளுத்தும் வெயிலில், நாலு பேரும் மதியச் சோறு தின்றார்கள். போதாக்குறைக்கு வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஜோதிகா நின்றபடியே மெல்லாமல் விழுங்கினாள். தலைக்கு மேல் மூன்று போர் விமானங்கள் வானத்தைக் கிழித்துக்கொண்டு போயின. ஊரே அண்ணாந்து பார்த்தது.

"இன்னா சத்தம்! காது அறுந்துடும் போலக்குது" என்றாள் அங்கம்மா, நிமிர்ந்தும் பார்க்காமல். "ஜோதி, இன்னொரு கை வாங்கிக்கோ."

உள்ளே போனால் உதயகுமார் ஒவ்வொரு விமானத்தின் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். விளக்கம் வேறு. "இத்தான் குண்டு போடுறது."

"அப்பா, சாமான் ஏத்திகினு போறதுன்னு போர்டுல போட்டுக்குது."

"குண்டும் சாமான்தாம்மே."

ஜோதிகா பல்லைக் கடித்தாள். ஹெலிகாப்டர் வரிசைக்கு வந்து சேரும்போது மணி பதினொன்றே முக்கால். ஏறியவர்கள் எல்லாம் பைலட் சீட்டில் உட்கார்ந்து எட்டு விதமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை நத்தையாய் நகர்ந்தது. அவள் முறை வந்தது. சரியாக அவள் வயிற்றுக்கு நேரே கயிற்றை இழுத்துக் கட்டினார் ஒரு சிப்பாய். "டைம் முடிஞ்சுருச்சும்மா."

"நான்தான் சொன்னனே, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றான் உதயகுமார். அவன் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

காலையிலிருந்து அடக்கி வைத்தது அத்தனையும் ஜோதிகாவின் தொண்டைக்கு வந்தது. "சார்! பதினோரு வருஷமா உங்க சீட்டுக்கு அடியிலதான் சார் வேல செய்றேன்!"

சிப்பாய் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் உள்ளங்கையை விரித்து, பீஸின் அளவையும் ஓட்டை இருக்கும் இடத்தையும் விரலால் வரைந்து காட்டினாள். அவர் முகம் மாறியது. கயிற்றைத் தூக்கினார். "ரெண்டு நிமிசம். நீங்க மட்டும்."

"நான் அவ மாமியாரு" என்று சொல்லிக்கொண்டே அங்கம்மாவும் குனிந்து நுழைந்துவிட்டாள்.

ஜோதிகா மண்டியிட்டு ஒரு சீட்டின் அடியில் கையை விட்டாள். சாம்பல் பெயிண்டுக்குள் அதே அகலம், அதே ஓட்டை. உள்மூலையில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. சந்தேகமே இல்லை. மாமியாரின் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைத்தாள்.

"அத்த, தடவிப் பாரு. இது நான் ராவுனது."

"வழவழன்னு கீது" என்றாள் அங்கம்மா, மனமில்லாமல். தடவிக்கொண்டே தானாகப் பக்கத்துத் துண்டுக்குப் போனாள். "ஸ்ஸ்!" விரலை வெடுக்கென்று இழுத்தாள். நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

"இத்த எவடி ராவுனது?"

"மங்களம்."

"யாரு, உன் பக்கத்துல குந்திகினு கீறான்னு சொல்லுவியே, அவளா?"

"ஆமா, அத்த."

அங்கம்மா விரலை வாயில் வைத்துச் சப்பினாள். ஏணியில் இறங்கினாள். கீழே நின்றுகொண்டு, அத்தனை கூட்டத்துக்கும் கேட்கும்படி மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு வருசமா பக்கத்துலயே குந்திகினு கீற, மூலைய ராவுடீன்னு அவளுக்கு ஒரு வார்த்த சொல்ல வாணாமா? இம்மா நல்லா வேல தெரிஞ்சவ, வாய்ல இன்னா வச்சிருந்த?"

ஜோதிகா கண்ணை இறுக மூடித் திறந்தாள். ஆட்டோ வரைக்கும் அந்தத் திட்டு ஓயவில்லை.