பூச்சி என்றுதான் சொல்வோம்

எங்கள் ஊரில் அதன் பேரைச் சொல்லமாட்டோம். புற்றில் இருப்பது, காலில்லாமல் போவது. பூச்சி என்போம். கடித்தால், தொட்டது என்போம். பேரைச் சொன்னால் அதற்குக் கேட்கும், கேட்டால் வரும். அப்படித்தான் பழக்கம்.

எனக்கு வேலை பட்டுப்புழு வளர்ப்பது. அதையும் பூச்சி என்றுதான் சொல்வோம். ஆனால் குழப்பம் வந்ததில்லை. புற்றில் இருப்பதைச் சொல்லும்போது குரல் தானாகத் தாழும். குரலை வைத்துத் தெரிந்துகொள்வோம். வெளி ஆளுக்கு அது தெரியாது.

கம்பைநல்லூரிலிருந்து உள்ளே போகிற ஊர் எங்களுடையது. நூறு நாள் வேலையை ஏரி வேலை என்போம். ஒரு நாள் மத்தியானம் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தாள். பூச்சி தொட்டால் என்ன செய்யணும் என்று ஊர் ஊராகப் போய் ஜனங்களுக்கு வகுப்பு எடுக்கிறவள். வீட்டுக்கு வந்தால் ஆள் கிடைக்காது என்று வேலை நடக்கிற இடத்துக்கே வந்துவிட்டாள். பையிலிருந்து ரப்பரில் செய்த ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். ஒருத்தியின் களி ஏனம் கவிழ்ந்தது.

"இது என்னாங்க?" என்றாள்.

கவிழ்ந்த களியைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

"சொல்லுங்கக்கா. ரப்பருதான், கடிக்காது."

"பூச்சி," என்றாள் எங்கள் எதிர்வீட்டு அக்கா. அவளுக்கு வாய் அதிகம்.

"என்ன பூச்சி?"

"நீட்டுப் பூச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில போயி பூச்சி கடிச்சிதுன்னு சொன்னா, குளவி, கம்பளிப்பூச்சின்னு நெனச்சி ஒரு ஊசி போட்டு ஒக்கார வச்சிருவாங்க. இதுக்கு மருந்தே வேற. பாம்புன்னு வாயத் தொறந்து சொல்லணும்."

"நீ சொல்லிட்டு வண்டியேறிப் போயிருவ கண்ணு," என்றாள் எதிர்வீட்டு அக்கா. "அது உன் வண்டி பின்னாலயா வரும்? எங்க வூட்டுக்கில்ல வரும்."

"சரி, எல்லாரும் சேந்து சொல்லுங்க. ஆருகிட்ட வர்றதுன்னு அதுக்குத் தெரியாது. ஒண்ணு, ரெண்டு, மூணு."

ஏரியில் சத்தமே இல்லை. அவள் ஒருத்தி குரல் மட்டும் கேட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரி பாதியில் எழுந்து தண்ணீர்க் குடத்துப் பக்கம் போய்விட்டாள். ஏன் என்று எனக்குத் தெரியும். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் அப்பாவை வரப்பில் பூச்சி தொட்டது. கட்டிலில் கிடத்தி வேப்பிலை கொடுத்திருக்கிறார்கள். கசக்கிறது என்றாராம். கசந்தால் விஷம் ஏறவில்லை என்பது எங்கள் கணக்கு. அப்போது வாசலில் ஓடி வந்த யாரோ பேரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் அப்பாவுக்குக் கண் மேலே போய்விட்டது என்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வேப்பிலை தின்ன வைத்ததில் போனாரா, பேரைக் கேட்டுப் போனாரா, எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அந்த வருஷ மழைக்காலத்திலேயே நடந்தது.

புழு கடைசியாகத் தோலுரிக்கிற தூக்கம் முடிந்து எழுந்து தின்கிற சமயம். தழை போட்டு மாளாது. விடிந்ததும் அவள் மல்பெரித் தோட்டத்துக்கு வெட்டப் போனாள். நான் புழு வளர்க்கிற செட்டுக்குள் இருந்தேன். புழு தின்கிற சத்தத்தில் அவள் கூப்பிட்டது முதலில் கேட்கவில்லை. வெளியே வந்தேன். தழைக்கட்டு பக்கத்தில் கிடக்க, மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க. பூச்சி தொட்டுருச்சி."

குரல் தாழ்ந்திருந்தது.

கணுக்காலுக்கு மேல் இரண்டு பொட்டு. ரத்தம் கொஞ்சம் கசிந்திருந்தது. அதன் உடம்பில் வட்டம் வட்டமாக இருந்தது என்றாள். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. வட்டம் என்றால் எது, எவ்வளவு விஷம் என்று எங்களுக்குத் தெரியும். 

எதிர்வீட்டு அக்கா கயிற்றோடு ஓடி வந்தாள்.

"கட்ட வேணாம்," என்றேன்.

"கட்டாம எப்பிடி? ஏறிக்கும்."

"ஏரியில சொன்னாங்கல்ல. கட்டுனா காலு போயிரும். நீ பின்னால ஒக்காந்து புடிச்சிக்க."

கயிற்றைக் கீழே போட்டாள். இருவருக்கும் நடுவில் அவளை உட்கார வைத்து வண்டியை எடுத்தேன். நடக்க விடக்கூடாது, நடுவில் வைத்துக் கொண்டுபோகணும் என்பதும் அந்தப் பெண் சொன்னதுதான். சிரித்துக்கொண்டு கேட்டது மண்டையில் நின்றிருக்கிறது. நகையைக் கழற்றணும் என்று சொன்னது மட்டும் நிற்கவில்லை.

மழை பெய்த ரோடு. பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.  

"ஏங்க," என்றாள் முதுகுக்குப் பின்னால்.

"ம்."

"அங்க போயி பேரச் சொல்லாதீங்க."

"பேசாத வா."

"எங்கப்பனுக்குச் சொன்னாங்க. எந்தலை மேல சத்தியம் பண்ணுங்க."

"வண்டி ஓட்டறன்."

"பண்ணுங்க."

"சரி," என்றேன்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் கூட்டம். நர்சம்மா வந்து காலைப் பார்த்தார். ரத்தத்தை என் வீட்டுக்காரி வரும்போதே சேலையில் துடைத்திருந்தாள். வீங்க ஆரம்பித்ததில் பொட்டு சரியாகத் தெரியவில்லை.

"என்னாச்சி?"

"பூச்சிங்க," என்றேன்.

"என்ன பூச்சி?"

நான் எதிர்வீட்டு அக்காவைப் பார்த்தேன். "பூச்சிதாங்க," என்றாள் அவள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். நர்சம்மாவுக்கு அந்தத் தாழ்வு புரியவில்லை. அவர் வேறு ஜில்லா.

"என்ன வேலை பண்றீங்க?"

"பட்டுப்பூச்சி வளக்கறோங்க."

"பட்டுப்பூச்சியா கடிச்சிது?" சிரித்தார். நல்ல மாதிரியான சிரிப்புதான். "தோட்டத்துல கம்பளிப்பூச்சி ஏதாவது பட்டிருக்கும். ஊசி போடறன். கொஞ்சம் ஒக்காருங்க, எறங்கிரும்."

ஊசி போட்டார். பெஞ்சில் உட்கார்ந்தோம். ஏரியில் அந்தப் பெண் சொன்னது சொன்னபடி நடந்துகொண்டிருந்தது. என் வாய்க்குள் அந்த வார்த்தை இருந்தது. பக்கத்தில் அவள் இருந்தாள்.

காலில் வீக்கம் ஏறிக்கொண்டே வந்தது. கொலுசு சதைக்குள் புதைந்தது. கழற்றப் பார்த்தேன், திருகு வரவில்லை. அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து ஓரமாகத் துப்பினாள். சிவப்பாக இருந்தது. வெற்றிலை போடாத வாய் அது.

அப்போது வந்த பயம் மாதிரி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. சொன்னால், கேட்டதும் அவள் போய்விடுவாள். அவள் அப்பாவைப் போல. சொல்லாவிட்டால் இந்த பெஞ்சிலேயே போய்விடுவாள். நான் இந்த நம்பிக்கை எல்லாம் இல்லாதவன் என்று பொய் எழுத மாட்டேன். இருந்தது. அவள் தலை மேல் சத்தியமும் இருந்தது.

அவள் காதில் விழாமல் சொல்லலாம் என்று எழுந்தேன்.

டாக்டர் அறையில் வரிசை நின்றது. தாண்டிப் போனேன். சின்ன வயசு டாக்டர். "சீட்டு வாங்கிட்டு வாங்க," என்றார் நிமிராமல். நான் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். அவர் பயந்து நாற்காலியைத் தள்ளினார்.

"பாம்புங்க," என்றேன்.

என் வாயால் அதுதான் முதல் தடவை. வாய் கூசியது.

"என்னது?"

"என் வூட்டுக்காரிய. கால்ல. வெளிய ஒக்காந்திருக்கா. மெதுவாப் பேசுங்க."

அவர் மெதுவாகப் பேசவில்லை. "பாம்பா? பாம்பு கடிச்சவங்க எங்க?" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினார். வராந்தா முழுக்கத் திரும்பியது. பெஞ்சில் அவளும் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

போய்விட்டாள் என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே நின்றேன். 

எதிர்வீட்டு அக்கா அவள் கையைக் கிள்ளினாள். "ஏ, கண்ணத் தொற. தொறடி. உன்கிட்ட வாங்குன சல்லடைய நான் தரமாட்டன், பாத்துக்க."

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "தரலைன்னா வூடேறி வருவன்."



டாக்டர் அவள் கையில் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேஜையில் நிறுத்தினார். யாரும் தொடக்கூடாது என்றார். கட்டியாக உறைந்தால் பயமில்லை, உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. நான் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். உறை, உறை என்று மனசுக்குள் சொன்னேன். பாலுக்குப் புரை ஊற்றிவிட்டுப் பார்க்கிற மாதிரி. நேரமானதும் அவர் வந்து குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

அதற்கு மேல் எல்லாம் வேகமாக நடந்தது. கொலுசைக் கத்தரித்தார்கள். விஷமுறிவு மருந்தை அங்கேயே ஏற்ற ஆரம்பித்து, தர்மபுரிக்கு ஆம்புலன்ஸ் சொன்னார்கள். நர்சம்மா மருந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வண்டி வரை வந்தார். "மொதல்லயே சொல்லக்கூடாதாண்ணா?" என்றார்.  

ஆம்புலன்ஸில் அவள் ஒன்றுதான் பேசினாள்.

"சத்தியம் பண்ணீங்க."

"ஆமா."

"எந்தலை மேல."

"ஆமா."

பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீர் பிரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நின்றுவிட்டால் கிட்னி போனது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பை நிறைகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. நிறைந்தது. ரத்தமும் உறைய ஆரம்பித்தது. அவள் என்னோடு பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தாள். ஊரில் தழை வெட்ட யாரும் தோட்டத்துக்குள் இறங்காததில் புழுக்கள் பாதி பட்டினியில் செத்தன. அதை அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, நடக்க முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, பால் செம்பை என் கையில் கொடுத்தாள்.

"புத்துக்கு ஊத்திட்டு வாங்க."

"நீ வரலியா?"

"பேரச் சொன்னது நீங்க. நீங்கதான் ஊத்தணும்."

ஊற்றினேன். அன்றிலிருந்து பேசினாள்.

ஏரி வேலை மறுபடி நடந்தபோது ஸ்கூட்டிப் பெண் வந்தாள். நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தாள். இந்தத் தடவை கொண்டுவந்திருந்த மைக்கை என் வீட்டுக்காரியிடம் நீட்டினாள்.

"நான் பேரச் சொல்லமாட்டன்," என்றாள் இவள்.

"சொல்ல வேணாங்கக்கா. நடந்ததச் சொல்லுங்க."

இவள் மைக்கை வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "பூச்சி தொட்டா ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கட்டாதீங்க. அங்க பேரக் கேப்பாங்க. பேரச் சொல்ல ஒரு ஆளக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் இவரக் கூட்டிக்கிட்டுப் போனன்."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப எங்களுக்கும் இவருதான்," என்றாள் எதிர்வீட்டு அக்கா.

விளையாட்டுக்குச் சொன்னது. அப்படியே ஆகிவிட்டது. யாரையாவது தொட்டால் எனக்குப் போன் வருகிறது. பக்கத்து ஊரிலிருந்தும் வருகிறது. நான் போகிறேன். டாக்டரிடம் பேரைச் சொல்கிறேன். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கிறார்கள். திரும்பி வந்ததும் டார்ச் அடித்துக் கட்டிலுக்குக் கீழே பார்க்கிறேன். செட்டுக்குள் தட்டுகளுக்கு அடியில் பார்க்கிறேன். அவள் வாசலில் நிற்கிறாள். "இருக்குதா?" என்கிறாள். "இல்ல," என்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை செம்பு கைக்கு வந்துவிடும்.

போன் அடித்தால் இன்னும் பயம்தான். எடுக்காமல் இருந்ததில்லை.

இதைப் பகலில் உட்கார்ந்துதான் எழுதினேன். அந்தப் பேர் வருகிற இடத்தில், வாய்க்குள் சொல்லிக்கொள்ளாமல் எழுதினேன்.